முறிவைத் திறக்காமல்

எங்கள் பக்கத்தில் கை முறிந்தால் இன்றும் முதலில் எழும் பெயர் புத்தூர். திருவள்ளூரிலிருந்து அரக்கோணம், திருத்தணி வழியாக ரயில் நேராக அங்கே போகிறது. 1960இல் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி இந்தப் பக்கம் வந்தது; புத்தூர் ஆந்திராவிலேயே நின்றது. எலும்பு முறிந்தவர்கள் அந்த எல்லையைப் பொருட்படுத்தியதில்லை. பச்சிலை, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் பத்தை, துணி, இவ்வளவுதான் கட்டு. ஊர் ஊராக 'புத்தூர் கட்டு' என்று போர்டு மாட்டியிருப்பவர்களில் எத்தனை பேர் புத்தூரைக் கண்ணால் பார்த்திருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

படித்தவர்கள் இதைக் கேலி செய்வது வழக்கம். இறுக்கிக் கட்டியதில் ரத்த ஓட்டம் நின்று, விரல் கறுத்து, கையையே எடுக்க நேர்ந்தவர்கள் உண்டு. அதை மறைத்துப் பேசுவதில் பிரயோஜனமில்லை. ஆனால் அந்தக் கட்டுக்குப் பின்னால் ஓர் அனுமானம் இருக்கிறது: எலும்பு தானே கூடும், நாம் அதை நேராக நிறுத்திப் பிடித்துக்கொண்டால் போதும். ஐரோப்பிய வைத்தியம் இந்த அனுமானத்தை விட்டு வெகுதூரம் போய், சுற்றிவந்து, வேறொரு வாசல் வழியாக அதனிடம் திரும்பியிருக்கிறது. இதை நான் தெரிந்துகொண்டது ஒரு ஒடிசாக்காரப் பையனின் வலது கையை முன்னிட்டு.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் கணக்கெழுதுகிறேன். (திருவள்ளூரும் கும்மிடிப்பூண்டியும் ஒரே ஜில்லா. ஆனால் ரயிலில் போவதானால் சென்னைக்குப் போய் மறுபடி வடக்கே திரும்ப வேண்டும். நான் பெரியபாளையம் வழியாக பஸ்ஸில் போகிறவன்.) பழைய இரும்பை உருக்கிக் கட்டடக் கம்பி உருட்டும் ஆலைகள் அங்கே இருக்கின்றன. கம்பியை அடுக்குகிறவர்களும் லாரியில் ஏற்றுகிறவர்களும் பெரும்பாலும் ஒடிசா, பீகார் பையன்கள். இவன் டீக்கடைப் பழக்கம். என் அரைகுறை ஹிந்தியும் அவனுடைய அரைகுறைத் தமிழும் எப்படியோ ஒத்துப்போயின. ஒருநாள் கம்பிக்கட்டு சரிந்து அவன் கை அடியில் மாட்டியது. பேச்சுத் துணைக்கு என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள்.

இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மேற்கை நடுவில் வளைந்திருந்தது. அதைவிட மணிக்கட்டுதான் என்னைப் பயமுறுத்தியது. தொங்கிக் கிடந்தது, தூக்கு என்றால் தூக்க முடியவில்லை.

"புத்தூருக்குக் கொண்டுபோயிடலாம் சார், செலவு கம்மி" என்றான் மேஸ்திரி.

"பாபு, இந்த விரல் என்னுது மாதிரி இல்லை" என்றான் பையன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் இளைஞர். பொறுமையானவர். நான் கேட்டுக்கொண்டே இருந்ததால், கேஸ் ஷீட்டின் பின்பக்கத்தில் வரைந்து காட்டினார். மேற்கை எலும்பின் பின்புறத்தைச் சுற்றிக்கொண்டு ஒரு நரம்பு இறங்குகிறது. ரேடியல் நரம்பு. முழங்கைக்குச் சற்று மேலே அது முன்பக்கம் வருகிறது. மணிக்கட்டையும் விரல்களையும் நிமிர்த்துவது அதன் வேலை. எலும்போடு இவ்வளவு ஒட்டிப் போவதால், இந்த எலும்பு நடுவில் முறிகிறவர்களில் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மணிக்கட்டு தொங்கிவிடுகிறது. பெரும்பாலோருக்கு நரம்பு அறுந்திருக்காது, நசுங்கியிருக்கும், அவ்வளவுதான். மாதக்கணக்கில் காத்திருந்தால் திரும்பிவிடும்.

அவர் செய்யப்போவதாகச் சொன்ன ஆபரேஷனைப் புரிந்துகொள்ள அதன் முன்கதை வேண்டும். பெல்ஜியத்தில் ராபர்ட் டானி 1949இல் வெளியிட்ட புத்தகத்தில், முறிந்த இரண்டு முனைகளையும் மயிரிழை இடைவெளிகூட இல்லாமல் இறுக்கிப் பொருத்தினால், புதுக்கட்டி எதுவும் வளராமலே எலும்பு சேர்ந்துவிடும் என்று காட்டினார். அவர் பயன்படுத்திய வார்த்தை வெல்டிங். 1958இல் ஸ்விட்சர்லாந்தில் மாரிஸ் முல்லரும் சகாக்களும் தொடங்கிய ஏ.ஓ. குழு இதை ஒரு கோட்பாடாகவே ஆக்கிற்று. முறிவை அகலத் திறக்க வேண்டும், ஒவ்வொரு துண்டையும் கண்ணால் பார்க்க வேண்டும், வரைபடத்தில் இருப்பதுபோல் அடுக்கி, பிளேட் வைத்து முறுக்க வேண்டும். எக்ஸ்ரேயில் முறிவைச் சுற்றிப் புது எலும்பு மேகம் மாதிரி தெரிந்தால் அது இறுக்கம் போதாததன் அடையாளம், கிட்டத்தட்ட அவமானம்.

இதில் ஒரு கம்பீரம் இருக்கிறது. கையும் காலும் மாவுக்கட்டில் விறைத்துப்போனவர்களை அந்தக் குழு எழுப்பி நடமாட வைத்தது. ஆனால் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்கிற பிடிவாதத்துக்கு விலை இருந்தது. எலும்பின் மேலுறையையும் ஒட்டிய தசையையும் உரித்தால்தான் துண்டுகள் தெரியும். அந்த உறை வழியாகத்தான் அவற்றுக்கு ரத்தம் வருகிறது. முறிவில் உறைந்து கிடக்கும் ரத்தத்தைக் குப்பை என்று கழுவிவிட்டார்கள். கூடுவது அதிலிருந்துதான் தொடங்குகிறது. அழகாக அடுக்கப்பட்ட துண்டுகள் சில சமயம் செத்துப்போயின. மாதங்கள் கழித்து பிளேட் முறிந்தது. (நம் விமர்சக நண்பர்கள் இங்கே சற்று நெளிந்தால் நான் பொறுப்பல்ல. இந்த ஒப்புமையை நீட்டப்போவதில்லை. கவிதைக்கு ரத்த ஓட்டம் உண்டா என்பது விவாதத்துக்குரியது, கைக்கு உண்டு.)

எண்பதுகளுக்குப் பிறகு அந்த முகாமுக்குள்ளேயே மனம் மாறிற்று. தொடை எலும்பிலும் கீழ்க்காலிலும் முறிவைத் திறக்காமல், தோலுக்கடியில் பிளேட்டை நழுவவிட்டார்கள். மேற்கையில் மட்டும் தயங்கினார்கள், அந்த நரம்பினால். 2004இல் பிரேஸிலைச் சேர்ந்த லிவானி, பெலான்ஜெரோ இருவரும் கையின் முன்பக்கத்திலிருந்து இதைச் செய்த விவரத்தை வெளியிட்டார்கள். தாய்லாந்தில் அபிவத்தககுல் என்பவர் சவங்களில் அளந்து பார்த்தார். பிளேட்டுக்கும் நரம்புக்கும் இடையில் சில மில்லிமீட்டர்தான். உள்ளங்கை மேலே பார்க்கும்படி கையை வைத்திருந்தால் அந்த இடைவெளி காப்பாற்றப்படுகிறது. கையைக் கவிழ்த்தால் நரம்பு கிட்டே வந்துவிடுகிறது.

தோளுக்குக் கீழே ஒரு சிறு கீறல், முழங்கைக்கு மேலே இன்னொன்று. கீழே பைசெப்ஸை ஒதுக்கினால் பிரேக்கியாலிஸ் என்றொரு தசை. அதற்கு இரண்டு நரம்புகள், உள்பாதிக்கு ஒன்று, வெளிப்பாதிக்கு ரேடியல். ஆகவே நட்டநடுவே பிளந்தால் இரண்டு பாதியும் உயிரோடு இருக்கின்றன. வெளிப்பாதி ரேடியல் நரம்புக்கு மெத்தையாகவும் ஆகிறது. பிறகு எலும்பை ஒட்டி மேலும் கீழும் பாதை செய்து, ஒரு கீறலில் நுழைத்த பிளேட்டை மறு கீறலில் எட்டிப்பார்க்கும்வரை தள்ளி, இரு முனைகளிலும் ஸ்குரூ. நடுவே இருக்கும் முறிவை யாரும் தொடுவதில்லை, பார்ப்பதுமில்லை. எக்ஸ்ரேத் திரையில் நிழலாகத்தான் தெரியும்.

பார்க்காததற்கும் விலை உண்டு. திரையைப் போடும் ஒவ்வொரு தடவையும் அறையில் இருப்பவர்கள் மேல் கதிர் படுகிறது. எலும்பு நீளவாக்கில் நேராக இருந்தும், திருகிக்கொண்டு கூடிவிடலாம். நிழலில் அது எளிதில் தெரியாது.

"நரம்பையும் பார்க்காமலே விடப்போகிறீர்களா?" என்று கேட்டேன்.

"இப்போது தேடப்போனால், நசுங்கின நரம்பை நானும் நசுக்கினதாக ஆகும் சார். நாலு மாதம் பார்ப்போம். அசைவே இல்லையென்றால் அப்போது திறக்கலாம்" என்றார்.

கத்தியே வேண்டாம் என்ற வழியும் இருந்தது. அகஸ்டோ சார்மியென்டோ 1977இல் விவரித்த பிளாஸ்டிக் உறை. மேற்கையைச் சுற்றி இறுக்கிவிட்டால் தசையே அழுத்தி நிறுத்தும், தொங்கும் கையின் பாரமே நேராக்கும். மேற்கை கொஞ்சம் கோணலையும் குட்டையையும் மன்னிக்கும். மூங்கில் பத்தைக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் ஆரம்ப வாரங்களில் சாய்ந்து உட்கார்ந்தபடிதான் தூங்க வேண்டும். எட்டுப் பேர் படுக்கும் அறையில் இவனுக்குச் சாய்ந்துகொள்ளச் சுவர்கூடப் பங்கில் இல்லை. எனவே பிளேட்.

காத்திருப்பது யாருக்குச் சாத்தியம் என்பதில்தான் என் மனம் நின்றுவிட்டது. 1923ஆம் வருஷத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் ஓர் அட்டவணை இருந்தது. கை தோள்மூட்டோடு போனால் 90 சதவிகிதம். தோள்முனையிலிருந்து 20.32 சென்டிமீட்டருக்குள் வெட்டுப்பட்டால் 80, அதற்குக் கீழே முழங்கையைச் சற்றுத் தாண்டும்வரை 70. கட்டை விரல் 30. இந்த 20.32 என்பது எட்டு அங்குலம். அளவுகோல் மாறியபோது துல்லியமாக மாற்றியிருக்கிறார்கள். கையில் போனதை அளக்க ஸ்கேல் போதும். ஒட்டிக்கொண்டிருந்தும் தொங்குகிற மணிக்கட்டுக்கு அந்த வரிசையில் தனி வரி இல்லை. அதை வைத்தியர் மதிப்பிட வேண்டும். தற்காலிகமாக வேலை செய்ய இயலாதவனுக்கு மாதச் சம்பளத்தில் கால்பங்கை அரைமாதத்துக்கு ஒருமுறை கொடுக்கச் சட்டம் சொல்லிற்று. அதற்குச் சம்பளம் எங்காவது எழுதப்பட்டிருக்க வேண்டும். கான்டிராக்டரின் பதிவேட்டில் இவன் பெயர் வேறு எழுத்தில் வேறு பெயராக இருந்தது. நாலு மாதம் பொறுக்கலாம் என்பது வைத்திய சாஸ்திரத்தில் சரியான தீர்ப்பு. அந்த நாலு மாதத்துக்கு அரிசி வாங்கியவர்கள் அவனோடு அறையில் படுத்த ஏழு பேர்.

ஆபரேஷன் முடிந்த மறுநாள், உள்ளே வைத்தது என்ன இரும்பு என்று விசாரித்தான். துருப்பிடிக்காத எஃகு என்றேன். "எந்த மில் உருட்டினது?" எனக்குத் தெரியவில்லை. நம் பேட்டையில் இல்லை என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை.

ஆறாவது வாரத்து எக்ஸ்ரேயில் முறிவைச் சுற்றி மேகம் வந்திருந்தது. டானி பார்த்தால் முகம் சுளித்திருப்பார். எங்கள் டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எனக்கே காட்டினார். மணிக்கட்டு மூன்றாம் மாத முடிவில் லேசாக எழும்பிற்று. அறுந்து மறுபடி வளரும் நரம்பு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்தான் போகுமாம். நசுங்கியது சற்று வேகமாக விழித்துக்கொள்கிறது. முதலில் மணிக்கட்டு, பிறகு விரல்கள், கட்டை விரல் கடைசி. ஐந்தாம் மாதம் அவன் ஊருக்குக் கிளம்பியபோது அது பாதிதான் நிமிர்ந்தது. கம்பி அடுக்கத் திரும்பி வருவாயா என்று நான் கேட்கவில்லை. பிளேட்டை எடுக்க வர வேண்டுமா என்று அவன்தான் கேட்டான். வேண்டியதில்லை, தொந்தரவு செய்யாதவரை உள்ளேயே இருக்கட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார், அதைச் சொன்னேன்.