ஒற்றைக் கைக்கு ஒரு கத்தி



போன வாரம் நான் போட்ட படத்தில் சட்டைப் பையில் ஒரு கறுப்புக் கிளிப் தெரிந்தது. அதைப் பார்த்துவிட்டு என் பழைய மாணவர்கள் மூன்று பேர் உள்பெட்டியில், "சார், இன்னும் பேனா குத்திக்கிட்டுத்தான் இருக்கீங்களா?" என்று கேட்டிருந்தார்கள். அது பேனா இல்லையப்பா, கத்தி. அதிலும் கட்டைவிரலால் விசையைத் தள்ளினால் பிளேடு படக்கென்று வெளியே வருகிற கத்தி. நம் சினிமாவில் கட்டம் போட்ட பனியனும் கழுத்தில் கைக்குட்டையுமாக வருகிற ஆள் வைத்திருப்பானே, ஏறக்குறைய அந்த ஜாதி. முப்பது வருஷத்துக்கு மேல் இயற்பியல் நடத்திய மனிதர் கையில் இதற்கு என்ன வேலை என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன் எனக்குப் பக்கவாதம் வந்தது பலருக்குத் தெரியும். கால் ஓரளவு திரும்பிவிட்டது. பேச்சு முழுதாகத் திரும்பிவிட்டது (அது திரும்பாமல் இருந்திருக்கலாம் என்று என் மனைவி சொல்வதுண்டு). இடது கை மட்டும் வரவில்லை. தோளிலிருந்து முழங்கை வரை தூக்கலாம். அதற்குக் கீழே விரல் எதையும் பிடிக்காது, தொட்டாலும் சரியாகத் தெரியாது.

இப்போது கலிபோர்னியாவில் மகள் வீட்டில் இருக்கிறேன். காலை எட்டு மணிக்கு எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். அப்புறம் நானும் வாசலில் வந்து விழும் அட்டைப்பெட்டிகளும்தான். இந்த ஊரில் எல்லாமே பெட்டியில் வருகிறது. பெட்டிக்குள் உறை, உறைக்குள் பிளாஸ்டிக், அதன் மேல் ஒரு டேப். எனக்கு வந்த மருந்தையும் எனக்கு வந்த புத்தகத்தையும் சாயங்காலம் மகள் வந்து பிரித்துத் தரும்வரை பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். அவள் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. ஆனால் அலுவலகப் பையைக் கீழே வைக்கும் முன்பே, "இன்னிக்கு என்னப்பா வந்துச்சு?" என்று கத்தரிக்கோலைத் தேடிப் போவாளே, அதைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருந்தது.

கத்தரிக்கோல் ஏன் ஆகாது என்று கேட்பீர்கள். கத்தரி வெட்டுவதற்கு, வெட்டப்படும் பொருளை இன்னொரு கை தூக்கிப் பிடிக்க வேண்டும். கத்தி அப்படியில்லை. பெட்டியை மேஜையில் வைத்து, இடது முழங்கையின் கனத்தை அதன் மேல் போட்டுவிட்டால் போதும், அசையாது. வலது கையால் டேப்பைக் கீறிவிடலாம். சமையலறைக் கத்தியை வீடு முழுக்கத் தூக்கிக்கொண்டு திரிய முடியாது. கைத்தடி பிடிக்கவும் இருப்பது அதே ஒரு கைதான். ஆகவே சட்டைப் பையில் மடிந்து கிடக்கிற சின்னக் கத்தி வேண்டும்.

இங்கேதான் சிக்கல். உலகத்தில் நல்ல பேர் வாங்கிய மடக்குக் கத்திகளில் முக்கால்வாசி இரண்டு கைக்காரர்களுக்கானவை. சுவிஸ் கத்தி என்று நாம் சொல்லும் விக்டோரினாக்ஸில், பிளேடின் பக்கவாட்டில் ஒரு சிறு பள்ளம் இருக்கும். அதில் நகத்தை மாட்டி இழுக்கும்போது உடம்பை மற்றக் கை பிடித்திருக்க வேண்டும். பிரான்ஸில் 1890 முதல் செய்துவரும் ஓபினெல் அழகான மரப்பிடிக் கத்தி, ஆசையாகத்தான் இருந்தது. அதற்கும் நகப்பள்ளம்தான். போதாததற்குப் பிளேடு மடங்காமல் இருக்க ஒரு வளையத்தை வேறு திருக வேண்டும். 1981இல் ஸ்பைடர்கோ என்ற நிறுவனம் பிளேடிலேயே ஒரு வட்டத் துளை போட்டு, அதில் கட்டைவிரலை வைத்துத் தள்ளினால் திறக்கும்படி செய்தது. பையில் மாட்டக் கிளிப்பும் வைத்தது. ஒற்றைக் கைக்காரர்களுக்கு அது பெரிய உபகாரம். ஆனாலும் என் கட்டைவிரல் அடிமூட்டில் தேய்மானம். அரைவட்டமாகச் சுழற்றித் தள்ளும்போது சுருக்கென்று பிடிக்கிறது. நேராக அழுத்தச் சொன்னால், நேராகத் தள்ளச் சொன்னால், அந்த விரல் இன்னும் நன்றாகவே வேலை செய்யும்.

இப்படித்தான் விசைக் கத்திக்கு வந்து சேர்ந்தேன். படிக்கப் படிக்க ஒன்று தெரிந்தது. ரவுடி கையில் போய்ச் சேர்ந்து பெயரைக் கெடுத்துக்கொண்டாலும், இந்தச் சாதனத்தின் அடிப்படைக் குணமே ஒரு கை ஓய்வாக இல்லாதவனுக்கு உதவுவதுதான். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் பாராசூட் வீரர்களுக்கு விசைக் கத்தி கொடுத்தார்கள். கயிற்றில் சிக்கித் தொங்கும்போது ஒரு கையால் எடுத்துத் திறந்து கயிற்றை அறுத்துக்கொள்ளத்தான். போர் முடிந்து, ஐம்பதுகளில் தெருச் சண்டைப் பையன்களும் சினிமாவும் சேர்ந்து அதற்கு வேறு முகம் கொடுத்துவிட்டார்கள். பார்த்துப் பயந்துபோய் 1958இல் அமெரிக்க அரசு ஒரு மத்தியச் சட்டமே கொண்டுவந்தது.

அந்தச் சட்டத்தில் விதிவிலக்குகள் சில உண்டு. அவற்றில் ஒன்றைப் படித்தபோது எழுந்து உட்கார்ந்துவிட்டேன். ஒரே ஒரு கை உள்ளவர் மூன்று அங்குலத்துக்கு மேற்படாத பிளேடு கொண்ட விசைக் கத்தியைத் தன்னோடு வைத்துக்கொள்ளலாம் என்று சட்டமே சொல்கிறது! பயத்தின் நடுவில் சட்டம் எழுதிய மனிதர்களில் யாரோ ஒருவர், கை இழந்து திரும்பிய சிப்பாயையோ பஞ்சாலையில் கையைக் கொடுத்தவரையோ நினைத்திருக்க வேண்டும். எனக்கு இரண்டு கை இருக்கிறது, அதில் ஒன்று சட்டைக் கையை நிரப்ப மட்டும் என்று வாதாடினால் எடுபடுமா? தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் வரவில்லை. கலிபோர்னியாவுக்கென்று தனிச் சட்டம் இருக்கிறது. அதன்படி பிளேடு இரண்டு அங்குலமோ அதற்கு மேலோ இருந்தால்தான் அது தடை செய்யப்பட்ட விசைக் கத்தி. அதற்குக் குறைவென்றால் அந்தத் தடை பொருந்தாது. இதற்காகவே 1.9 அங்குல பிளேடு வைத்துச் செய்கிறார்கள். கெர்ஷா நிறுவனத்தின் லாஞ்ச் 4 அந்த வகை. ஒன்றே முக்கால் அங்குலமும் பிறகு ஒரு நூலுமாகச் சட்டத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை!

மாப்பிள்ளைக்குத் தெரிந்த ஒருவரிடம் அந்த மாதிரிக் கத்தி ஒன்று இருந்தது. கொண்டுவந்து காட்டினார். பொத்தானை அழுத்தினால் பக்கவாட்டிலிருந்து பிளேடு சுழன்று வந்து நிற்கிறது. உள்ளே ஒரு சுருள்வில் எப்போதும் முறுக்கேறிய நிலையில் காத்திருக்கிறது. பிளேடின் அடியில் இரண்டு வெட்டுகள். பொத்தானோடு சேர்ந்த முளை முதல் வெட்டில் உட்கார்ந்தால் மூடிய நிலை, இரண்டாவதில் உட்கார்ந்தால் திறந்த நிலை. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட ஐந்து நிமிஷத்தில் நடத்திவிடலாம். நிலையாற்றல் இயக்க ஆற்றலாக மாறுவதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. (வகுப்புக்கு எடுத்துப் போக முடியாது என்பதுதான் குறை.)

திறந்து பார்த்தேன், அருமை. மூடிப் பார்த்தேன், அங்கேதான் விஷயம். கத்தி வாங்க நினைப்பவர்கள் எல்லோரும் திறக்கும் வேகத்தையே பேசுகிறார்கள். மூடுவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பக்கவாட்டுக் கத்தியை மூட, பொத்தானை அழுத்திப் பிடித்தபடி, வில்லின் எதிர்ப்பை மீறிப் பிளேடை உள்ளே தள்ள வேண்டும். இரண்டு கை இருந்தால் ஒன்றுமே இல்லை. ஒரு கையென்றால், கட்டைவிரல் பொத்தானில் இருக்க, பிளேடின் முதுகைத் தொடையிலோ மேஜை விளிம்பிலோ வைத்து அழுத்த வேண்டும். அப்போது பிடித்திருக்கும் அதே கையின் நான்கு விரல்களும் பிளேடு திரும்பி வரும் வழியில் இருக்கின்றன. பழகினால் வரும் என்றார் அவர். வரலாம். எனக்கு மிச்சமிருப்பது அந்த ஐந்து விரல்தான். அதில் பழகிப் பார்க்க மனமில்லை.

மகளுடைய கவலை வேறு. வீட்டில் ஏழு வயதுப் பேரன் இருக்கிறான். "அப்பா, பொத்தான்னு ஒண்ணு இருந்தா அவன் அமுக்காம இருப்பானா? லிஃப்ட்ல எல்லா மாடியையும் அமுக்கறவன்!" நியாயமான கேள்வி. முறுக்கேறிய வில் ஒன்று என் பையில் நாள் முழுக்கக் காத்திருப்பது எனக்கும் உறுத்தியது.

கடைசியில் வாங்கியது வேறு வகை. இதில் பிளேடு சுழலாது, பிடியின் முனையிலிருந்து நேராக முன்னே வரும். முதுகிலோ விலாவிலோ ஒரு தள்ளுவிசை இருக்கும். முன்னே தள்ளினால் பிளேடு வெளியே, பின்னே இழுத்தால் உள்ளே. இரண்டும் அதே கட்டைவிரல், அதே பிடி. விரல்கள் பிளேடின் பாதையில் எந்த நேரத்திலும் இல்லை. இன்னொரு நல்ல குணமும் இதற்கு உண்டு. மூடிய நிலையில் வில்லில் இழுவிசை கிடையாது. கட்டைவிரல் தள்ளும் தூரத்தில்தான் வில் இழுபடுகிறது, கடைசியில்தான் பூட்டு விடுபடுகிறது. அதாவது ஆற்றலை ஒவ்வொரு முறையும் நானே கொடுக்கிறேன். பையில் இருக்கும்போது அது சும்மா கிடக்கும் இரும்பு. தள்ளுவிசையும் நல்ல விறைப்பு. எனக்கே அழுத்தித் தள்ள வேண்டியிருக்கிறது. அதற்காகப் பேரன் கைக்கு எட்டும்படி வைப்பதில்லை. ராத்திரி அலமாரியின் மேல்தட்டு, பகலில் என் பை, வேறு இடம் இல்லை.

குறைகளும் சொல்ல வேண்டும். திறந்த நிலையில் பிளேடு கொஞ்சம் ஆடும். முன்னும் பின்னும் ஓட இடைவெளி வேண்டுமென்பதால் இந்த வகையில் அதைத் தவிர்க்க முடியாது. டேப் கீறக் கவலையில்லை, கட்டை சீவ லாயக்கில்லை. பைத் தூசியும் பஞ்சும் உள்ளே போகும், அவ்வப்போது ஊதித் தட்ட வேண்டும். பிளேடு வெளியே வரும் வழியில் ஏதாவது தடுத்தால் பாதியில் நின்றுவிடும். அப்போது நுனியைப் பிடித்து இழுத்து மறுபடி பூட்ட வேண்டும். அதற்கு ஒரு மரச் செருப்பின் இடுக்கைப் பயன்படுத்துகிறேன். விலையை எழுத மாட்டேன். ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு அன்று மத்தியானம் நான் சாப்பிடவில்லை.

இருபுறமும் கூரான பிளேடு வைத்தும் இதே கத்தி விற்கிறார்கள். அது வேண்டாம். பார்க்கக் குறுவாள் மாதிரி இருக்கிறது, பயனும் பாதி. ஒருபுறம் மட்டும் கூர், மறுபுறம் மொண்ணை முதுகு, அதன் மேல் விரலை வைத்து அழுத்தலாம். எஃகின் பெயர்களில் மயங்க வேண்டாம். டேப்பும் கொய்யாப்பழமும் வெட்டுகிற மனிதனுக்குத் துருப்பிடிக்காத சாதாரண எஃகு போதும். ரொம்பக் கடினமான எஃகு வாங்கினால் சாணை பிடிப்பது பாடு. ஈரத்துண்டை மேஜையில் விரித்து, அதன் மேல் சாணைக்கல்லை வைத்தால் நகராது. ஒரு கையால் பத்துப் பன்னிரண்டு இழுப்பு, போதும்.

என்னைப் போலக் கை உணர்ச்சி குறைந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்று மட்டும் கவனம். பெட்டியை அழுத்தியிருக்கும் கையை நோக்கிக் கத்தியை ஒருபோதும் இழுக்காதீர்கள். வெட்டுப்பட்டால் மற்றவர்களுக்கு வலி சொல்லிவிடும். நமக்கு மேஜையில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரியும். நான் எப்போதும் உடம்பிலிருந்து வெளிப்பக்கமாக, முழங்கைக்கு எதிர்த்திசையில்தான் கீறுகிறேன்.

ஊருக்குக் கொண்டுபோவதாக இல்லை. நம் நாட்டிலும் விசைக் கத்தி என்றால் போலீஸுக்கு ஆகாது. ராம்பூர்க் கத்தி கெடுத்துவைத்த பெயர் அப்படி. டில்லியில் 1980இலேயே மூன்று அங்குலம், அதாவது 7.62 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் நீளமான பொத்தான் கத்திகளைக் கட்டுப்படுத்தி அறிவிக்கை போட்டிருக்கிறார்கள். என்னுடையது அதைவிடச் சின்னதுதான். ஆனாலும் பேருந்து நிலையத்தில் ஒரு காவலரை நிறுத்திவைத்துச் சென்டிமீட்டர் விளக்க எனக்குத் தெம்பில்லை. அங்கே போனால் மனைவி இருக்கிறாள், பக்கத்து வீடு இருக்கிறது, பெட்டியும் இத்தனை வராது. வேட்டி கட்டினால் கிளிப் மாட்டப் பையும் கிடையாது.

இங்கேயும் ஒரு இடத்துக்கு அது வராது. மடக்கினாலும் பூட்டு விழுகிற பிளேடு உள்ள எந்தக் கத்தியையும், எவ்வளவு சின்னதாக இருந்தாலும், பள்ளி வளாகத்துக்குள் கொண்டுபோகக் கூடாது என்பது இந்த மாநிலச் சட்டம். பூட்டு விழுந்து நிற்கிற என் கத்தியையும் அந்தக் கணக்கில்தான் வைத்திருக்கிறேன். வாத்தியாராக இருந்தவன், அதில் எனக்கு முழுச் சம்மதம். பேரனைக் கூப்பிட்டு வருவது என் வேலை. மணி இரண்டேகால் ஆகிறது. கத்தியை அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டு, கைத்தடியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன். மற்றக் கேள்விகளுக்கு ராத்திரி பதில் எழுதுகிறேன்.