எழுபது வளைவும் ஒரு கட்டைவிரலும்

கொல்லிமலையைப் பற்றி எழுதப் புகுந்தவர்கள் பெரும்பாலும் ஆகாச கங்கை அருவியை வர்ணிப்பார்கள். அல்லது அறப்பளீசுவரரைத் தரிசித்த புண்ணியத்தைச் சொல்வார்கள். தமிழ்ப் புலவர்களாயிருந்தால் வல்வில் ஓரியையும், சிரித்தே ஆளைக் கொல்லும் கொல்லிப்பாவையையும் இலேசில் விடமாட்டார்கள். நானும் அந்த மலைக்குப் போய் வந்தவன்தான். ஆனால் என் ஞாபகத்தில் எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து நிற்பவை, ஒரு மோட்டார் சைக்கிளின் இடது கைப்பிடிக்கு அருகே ஓர் அங்குல இடைவெளியில் இருந்த இரண்டு பொத்தான்கள். அவை இடம் மாறியிருந்தன. சங்கதி அவ்வளவுதான். அந்த ஓர் அங்குலத்தைக் கடப்பதற்கு எனக்கு எழுபது கொண்டை ஊசி வளைவுகள் வேண்டியிருந்தன.

சென்ற கோடை விடுமுறையில் நாமக்கல்லில் இருக்கும் என் தமக்கையின் வீட்டுக்குப் போயிருந்தேன். அவளுடைய மகன் எஞ்சினீயரிங் கல்லூரியில் படிக்கிறான். "மாமாவைக் கொல்லிமலைக்கு அழைத்துப் போகிறேன்" என்று ஒரு வருஷமாகவே சொல்லிக்கொண்டிருந்தவன், நான் போய்ச் சேர்ந்ததற்கு முந்தின தினம் வாலிபால் ஆட்டத்தில் வலது மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டு, கட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"அதனால் என்ன? வண்டி இருக்கிறது, மாமாவும் இருக்கிறீர்கள். நீங்கள் ஓட்டுங்கள், நான் பின்னால் உட்கார்ந்து வழி சொல்கிறேன்" என்றான்.

அக்கா சற்று யோசித்தாள். "மலைப்பாதை ஆயிற்றே, தம்பி. இவன் வண்டி உனக்குப் பழக்கமில்லையே?" என்றாள்.

இருபது வருஷத்துக்கு மேல் மோட்டார் சைக்கிள் ஓட்டியவனிடம் கேட்கிற கேள்வியா இது? "வண்டிக்கு வண்டி என்ன வித்தியாசம், அக்கா? இரண்டு சக்கரம், ஒரு எஞ்சின்" என்று சொல்லிவிட்டேன். உபாத்தியாயர்கள் ஒன்றைச் சொல்லிவிட்டால் அதை வாபஸ் வாங்குவது வழக்கமில்லை. ஆகையால் மறுநாள் காலை ஆறு மணிக்குத் தலைக்கு ஒரு ஹெல்மெட்டாக மாட்டிக்கொண்டு இருவரும் புறப்பட்டோம்.

நாமக்கல் கோட்டைப் பாறையை விட்டு விலகிச் சேந்தமங்கலம் சேரும் வரையில் ஒரு குறையும் தெரியவில்லை. நல்ல சாலை, காலைக் குளிர்ச்சி, எஞ்சினும் பசுவைப்போல் சாதுவாக இருந்தது. கடைத்தெருவில்தான் முதல் விபரீதம் நேர்ந்தது. வலப்பக்கம் திரும்பவேண்டி, சமிக்ஞை விளக்கைப் போடுவதற்காகக் கட்டைவிரலை நகர்த்தினேன். வண்டி 'பாம்' என்று அலறியது. எனக்கு முன்னால் கீரைக்கட்டுகளைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போன பெரியவர் திடுக்கிட்டு ஒதுங்கி, திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று தோன்றிற்று.

"மாமா, இதில் ஹாரன் மேலே இருக்கிறது, இண்டிகேட்டர் கீழே இருக்கிறது" என்றான் மருமான், சாவதானமாக.

விஷயத்தைக் கொஞ்சம் விளக்கவேண்டும். நாம் வழக்கமாகக் காணும் மோட்டார் சைக்கிள்களில் இடது கைப்பிடியை ஒட்டி ஒரு சிறு பெட்டி இருக்கும். அதன் உச்சியில் பெரிய விளக்கை உயர்த்தித் தாழ்த்தும் ஸ்விட்ச், நடுவில் இடமும் வலமும் நகர்கிற சமிக்ஞைக் குமிழ், அடியில் ஹாரன். கட்டைவிரலைச் சற்றே மடக்கினால் ஹாரன் தானாக அகப்படும். 2010-ஆம் ஆண்டையொட்டி ஒரு பெரிய ஜப்பானியக் கம்பெனி, தன் வண்டிகள் பலவற்றில் நடுவிலிருந்ததை அடிக்கும் அடியிலிருந்ததை நடுவுக்கும் மாற்றி வைத்தது. அவசரத்தில் வேண்டியது ஹாரன்தான், ஆகவே அது விரலுக்கு நேராக இருக்கட்டும் என்று இதற்கு நியாயம் சொல்பவர்கள் உண்டு. நியாயம் இருக்கட்டும், இருபது வருஷமாக வேறு பாடம் படித்த விரலுக்கு அது எப்படித் தெரியும்?

காளப்பநாயக்கன்பட்டியைத் தாண்டுகையில் எதிரே வந்த ஒருவர் ஐந்து விரல்களையும் குவித்து விரித்துக் காட்டினார். பகலில் விளக்கு எரிகிறது என்பது அதன் பொருள். அணைக்கலாமென்று வலது பக்கம் ஸ்விட்சைத் தேடினேன். அப்படி ஒன்று இல்லவே இல்லை. 2017 ஏப்ரலுக்குப் பிறகு நம் நாட்டில் தயாரான இருசக்கர வண்டிகளில் எஞ்சின் ஓடும்போதெல்லாம் முன்விளக்கு எரிந்தே தீரவேண்டும் என்று சட்டம். என் வண்டி அதற்கு முந்தின காலத்தது. இல்லாத ஸ்விட்சை ஒரு மைல் தூரம் தேடிய பெருமை எனக்கே உரியது.

மலையடிவாரத்தில் காரவள்ளி. அங்கே ஒரு தேநீர்க் கடை முன் மருமான் வண்டியை நிறுத்தச் சொன்னான். "மேலே எழுபது வளைவு இருக்கிறது, மாமா. ஒவ்வொன்றிலும் ஹாரன் கொடுத்தாக வேண்டும். கண்ணை மூடிக்கொள்ளுங்கள். நான் சொல்வதை விரல் தேடட்டும்" என்றான்.

கண்ணை மூடுவதற்குக் காரணம் உண்டு. மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒரு விநாடியில் எட்டு மீட்டருக்கு மேல் போய்விடும். ஸ்விட்சைக் குனிந்து பார்க்கிற அந்த ஒரு விநாடியில் மலைப்பாதையின் வளைவு முடிந்து, பள்ளத்தாக்கு ஆரம்பமாகிவிடும். ஆகையால் கண்ணின் உதவியில்லாமல் விரல் கற்கவேண்டும்.

"ஹாரன்!" என்றான், அழுத்தினேன். "இடது!" என்றான், தள்ளினேன். "அணை! வலது! ஹாரன்! ஹாரன்! இடது!" என்று அவன் அதட்ட, நான் நிறுத்தி வைத்த வண்டியின்மேல் கண்ணை மூடி அமர்ந்து, முழு ஹெல்மெட்டுடன் பாடம் ஒப்பித்தேன். கடையில் இருந்தவர்கள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்து வந்து நின்றார்கள். முதல் தடவை பத்துக்கு நாலுதான் சரி. கால் மணி நேரத்தில் பத்துக்குப் பத்து. "பாஸ்!" என்று ஒருவர் தீர்ப்புச் சொன்னார்.

மலைப்பாதை ஆரம்பமாயிற்று. வளைவுக்கு வளைவு எண் எழுதிய பலகை. கீழ்ப்பகுதியில் கோடையில் காய்ந்த காடு. ஏற ஏறக் காற்றில் ஈரம் கலந்தது. முதல் பத்து வளைவுகளில் நான் முறைப்படி ஹாரன் கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் மனத்துக்குள் 'மேலே, மேலே' என்று சொல்லிக்கொண்டுதான் கொடுத்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பதினோராவது வளைவில், வாய்க்காலும் வயலும் கீழே விரிந்து கிடந்த அழகைக் கண்டு அந்த மந்திரத்தை மறந்தேன். திருப்பத்தின் உள்ளே பாதி போனபோது ஒரு பஸ்ஸின் முகம் எதிரே தோன்றியது.

விரல் மின்னலாக ஓடியது. ஓடியது பழைய இடத்துக்கு! அமுக்கிய வேகத்தில் குமிழ் சரிந்து, இடப்பக்கத்து மஞ்சள் விளக்கு 'டிக், டிக்' என்று கண் சிமிட்டியது. சத்தம் ஏதும் எழவில்லை. பிரேக்கைப் பிடித்தேன், எஞ்சின் நின்றுபோயிற்று. பதறிப்போய் வலது கைப் பக்கம் சிவப்பாக இருந்ததை அழுத்தினேன். அது ஒரே கட்டையில் இரண்டு வேலை செய்வது: கீழே அழுத்தினால் எஞ்சின் புறப்படும், மேலே அழுத்தினால் அணையும். நான் அணைந்த எஞ்சினை மறுபடியும் அணைத்துவிட்டு, அது ஏன் புறப்படவில்லை என்று தவித்துக்கொண்டிருந்தேன். மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்கே வழிவிடவேண்டும் என்பது விதி. பஸ் டிரைவர் அதை உணர்ந்தவராகப் பொறுமையுடன் நின்றார். "வாத்தியாரே, மெதுவா!" என்று மட்டும் சொன்னார். நான் வாத்தியார் என்று அவருக்கு எப்படித் தெரிந்ததோ!

அடுத்த வளைவின் ஓரத்தில் வண்டியை நிறுத்தினேன். கை நடுங்கியது. மருமான் வாயைத் திறக்கவில்லை.

அப்போது எனக்கு ஒரு பையனின் நினைவு வந்தது. நான் வேலையில் சேர்ந்த புதிதில் ஆறாம் வகுப்பில் இருந்தவன். இடது கையால் எழுதுவான். பேனாவை எத்தனையோ தடவை நானே வலது கைக்கு மாற்றியிருக்கிறேன். நான் பார்க்கும்வரையில் வலது கையால் மெல்ல மெல்ல எழுதுவான். பரீட்சையில் கடைசி மணி நெருங்கி அவசரம் வந்துவிட்டால், பேனா எப்படியோ இடது கைக்குப் போயிருக்கும். "பிடிவாதக்காரன்" என்று வகுப்பு முழுவதும் கேட்க நான் சொன்னதுண்டு. அவன் தலையைக் குனிந்துகொண்டு, தன் கையைத்தான் பார்த்தான். பன்னிரண்டாவது வளைவில் நின்று நானும் அதே மாதிரி என் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"போகலாமா, மாமா?" என்றான் மருமான், வெகு நேரம் கழித்து.

மீதி ஐம்பத்தெட்டு வளைவுகளையும் மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் ஏறினேன். பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் வழிவிட்டேன். நாற்பதுக்கு மேல் மனத்தில் மந்திரம் சொல்வது நின்றுபோனதை அறுபதாவது வளைவில்தான் கவனித்தேன்.

மலைமேல் வேறோர் உலகம். சவுக்கு மரங்களைப்போல் நெடிது வளர்ந்த சில்வர் ஓக் மரங்களைத் தழுவி மிளகுக் கொடிகள் ஏறியிருந்தன. நிழலில் காப்பிச் செடிகள். சோளக்காட்டுச் சந்தையில் பலாப்பழ வாசனை ஆளைத் தூக்கிற்று. செம்மேட்டில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. ஆடி மாதத்தில் அவன் பெயரால் விழா எடுக்கிறார்கள். ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் ஊடுருவிப் போயிற்று என்று புறநானூற்றில் வன்பரணர் பாடிய வில்லாளன் அவன். அந்தக் கைக்கு நாணைத் தேடவேண்டியிருந்திராது. ஆகாச கங்கைக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள் இறங்கவேண்டும் என்றார்கள். அதை மருமானின் மணிக்கட்டும் என் முழங்கால்களும் குணமான பிறகு வைத்துக்கொள்வதென்று தீர்மானித்தோம்.

அதற்குப் பதிலாக ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்து, "எல்லாக் கம்பெனிக்காரர்களும் கூடி ஒரே மாதிரி வைத்தால் என்ன?" என்று குறைப்பட்டேன். மருமான் பொழிந்து தள்ளிவிட்டான். ஆதி மோட்டார் சைக்கிள்களில் காற்றுக்கு ஒரு நெம்புகோல், பெட்ரோலுக்கு ஒரு நெம்புகோல், தீப்பொறியின் நேரத்தை முன்பின் நகர்த்த ஒரு நெம்புகோல் என்று கைப்பிடியே ஆர்மோனியம் மாதிரி இருந்ததாம். 'இந்தியன்' என்று பெயர் பூண்ட அமெரிக்கக் கம்பெனி வேகத் திருகியை வெகுகாலம் இடது கையில் வைத்திருந்ததாம். 1946-ல் இத்தாலியில் பிறந்த வெஸ்பாவில் இடது கைப்பிடியைத் திருகிக் கியர் மாற்றவேண்டும். நம் திருவொற்றியூரில் தயாரான புல்லட்டில் பல பத்தாண்டுகளாகக் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். 1970-களின் நடுவில் அமெரிக்க அரசாங்கம் கியர் இடது காலில்தான் இருக்கவேண்டுமென்று விதி செய்ய, மற்ற தேசத்தாரும் மெல்ல மெல்ல அதற்கு இணங்கினார்கள். இப்படிக் கால்களுக்குள் சமாதானம் ஏற்பட்டது. கட்டைவிரல் ராஜ்யத்தில்தான் இன்னும் ஏகோபித்த அபிப்பிராயம் இல்லை. ஹார்லி டேவிட்ஸனில் இடது விளக்குக்கு இடது கை, வலது விளக்குக்கு வலது கை. பி.எம்.டபிள்யூ. வண்டிகள் பலவற்றில் 2000-களின் இறுதி வரை அதே ஏற்பாடு. அணைப்பதற்கு மட்டும் மூன்றாவதாகத் தனிப் பொத்தான். 2020-ல் வந்த என்பீல்டு மீட்டியாரில் பொத்தானுக்குப் பதில் பழைய காலத்து ரேடியோ மாதிரி சுழற்றும் குமிழ்கள்.

"அந்த ஜெர்மானிய வண்டியைப் பத்து வருஷம் ஓட்டியவர்கள், அதுதான் சரியான முறை என்று சத்தியம் செய்வார்கள், மாமா" என்றான்.

அதை நான் நம்பினேன்.

மாலை நான்கு மணிக்கு இறங்கத் தொடங்கினோம். எண்கள் இப்போது தலைகீழாக வந்தன. முப்பத்திரண்டாவது வளைவில் ஒரு கிழவி, தலையில் சும்மாடு வைத்து அதன்மேல் ஒரு பலாப்பழத்துடன், சாலையின் நட்டநடுவே எங்களுக்கு முதுகைக் காட்டி நடந்துகொண்டிருந்தாள். நான் யோசிக்கவேயில்லை. ஹாரன் ஒலித்தது, பிரேக்கும் பிடித்தாயிற்று. கிழவி பழம் அசையாமல் ஓரமாக ஒதுங்கி, "போ சாமி, போ" என்றாள். சிறிது தூரம் போனபிறகுதான் விரல் எந்தப் பக்கம் போயிற்று என்பதே எனக்கு நினைவுக்கு வந்தது. மருமான் கட்டுப் போட்ட கையால் என் முதுகில் இலேசாக ஒரு தட்டுத் தட்டினான்.

வீட்டு வாசலில் காத்துக்கொண்டிருந்த அக்கா, "வண்டி சௌகரியமாக இருந்ததா?" என்று கேட்டாள். "பழகிவிட்டது" என்றேன்.

விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்தது. முதல் நாள் மாலை என் சொந்த வண்டியில் புறப்பட்டேன். பள்ளி வாசலில் இடப்பக்கம் திரும்பவேண்டும். எதிரே எங்கள் தலைமையாசிரியர் குடையை ஊன்றிக்கொண்டு, ஏதோ யோசனையில் மெல்லப் போய்க்கொண்டிருந்தார். அவரைச் சங்கடப்படுத்தாமல் விளக்கைப் போட்டு ஓரமாக விலகிப் போவோம் என்று, கட்டைவிரலை மரியாதையாக மடக்கிக் கீழே கொண்டுபோனேன்.

ஹாரன் அலறிய அலறலில் குடை ஒரு பக்கமும் மூக்குக் கண்ணாடி ஒரு பக்கமுமாகப் பறந்தன.