ஆட்டுக் கொட்டிலும் அயல்வீட்டுப் பூனைகளும்



"மதரஸாவில் ஓதிக் கொடுப்பவர் வீட்டில் நாயா?" என்று எங்கள் ஊரில் என்னிடம் நேரிலேயே கேட்டவர்கள் சிலர். கேளாமல் மனத்திற்குள் வைத்துக் கொண்டவர்கள் பலர். எனவே, பூனைகளைப் பற்றி எழுத வந்த நான் முதலில் நாய்களைப் பற்றிச் சொல்லி விடுவதே முறை.

பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, கடலோரத்தில் எங்கள் ஊர். வாப்பா விட்டுச் சென்ற சிறு தென்னந்தோப்பு வீட்டுக் கொல்லையோடு ஒட்டிக் கிடக்கிறது. 2018 நவம்பர் 16 அன்று அதிகாலையில் கரையைக் கடந்த கஜா புயல் அந்தத் தோப்பில் நின்ற 64 மரங்களில் 17 மரங்களை மட்டுமே விட்டு வைத்தது. புதிதாக நட்ட நெட்டைத் தென்னை பலன் தர ஆறேழு ஆண்டுகள் பொறுத்திருக்க வேண்டும். மதரஸாச் சம்பளத்தைப் பற்றி இப்பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆகவே ஆடுகளை வாங்கிக் கொல்லையில் கொட்டில் அமைத்தேன். ஒரே இரவில் இரண்டு ஆடுகள் களவு போயின. அதன் பிறகே இரண்டு நாட்டு நாய்கள் எங்கள் கொல்லைக்கு வந்து சேர்ந்தன.

கால்நடைக் காவலுக்கும், விளைநிலக் காவலுக்கும், வேட்டைக்கும் நாய் வைத்துக் கொள்வதற்கு அண்ணல் பெருமானார் (ஸல்) அவர்கள் விலக்கு அளித்திருப்பது ஹதீஸ் கிரந்தங்களில் தெளிவாக உள்ளது. குகைத் தோழர்களின் வரலாற்றைக் கூறும் 'கஹ்ஃப்' அத்தியாயத்திலும் ஒரு நாய் உண்டு. அது வாசலில்தான் கிடந்தது. எங்கள் நாய்களின் எல்லையும் கொல்லைக் கதவுதான். அவற்றுக்குத் தனிச் சட்டி. நாய் வாய் வைத்த பாத்திரத்தை ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்து கழுவ வேண்டும் என்னும் சட்டத்தை என்னை விட என் மனைவி கண்டிப்பாகக் கடைப்பிடிப்பவர். நாய்களுக்குச் சோறு வைக்கப் போகும்போது கைலியை ஒரு சாண் உயர்த்திக் கொண்டு போகும்படி இன்றும் எனக்குக் கட்டளை உண்டு.

பூனையின் நிலை வேறு. அபூ கதாதா (ரலி) அவர்கள் உளூச் செய்ய வைத்திருந்த நீரைக் குடிக்க ஒரு பூனை வந்தபோது, அது குடிப்பதற்கு வசதியாகப் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். வியந்து பார்த்த மருமகளிடம், பூனை அசுத்தமானதல்ல, நம்மைச் சுற்றி வரும் பிராணிகளில் ஒன்று என்ற நபிமொழியை எடுத்துக் கூறினார்கள். (தூங்கும் பூனையை எழுப்ப மனமின்றிப் பெருமானார் தமது சட்டைக் கையை வெட்டிக் கொண்டார்கள் என்று நம் வீடுகளில் கதை சொல்வார்கள். அது ஹதீஸ் நூல்களில் உள்ளதல்ல. பிள்ளைகளுக்குச் சொல்லுமுன் இதைக் கவனிக்க வேண்டுகிறேன்.) ஆகவே எங்கள் தெருவில் பூனைக்கு எந்த வீட்டிலும் தடையில்லை. அடுக்களை வரை வரும். தொழுகை விரிப்பில் படுக்கும். எங்கும் தடையின்றிப் போய்ப் பழகிய அந்தப் பிராணிக்கு, ஒரே ஒரு கொல்லையில் மட்டும் உயிருக்கு ஆபத்து உண்டென்று யார் சொல்லிப் புரிய வைப்பது?

ஆரம்பத்தில் நான் செய்தது, மற்றவர்களும் செய்யக் கூடியதுதான். சத்தம் போட்டேன். கல் எடுத்து எறிந்தேன். ஒருநாள் அஸருக்குப் பின் ஓத வந்த பத்து வயதுச் சிறுவன் ஒருவன் அதைப் பார்த்து விட்டான். "ஹஜ்ரத், பூனையைக் கட்டிப் போட்டுப் பட்டினி போட்ட பொம்பளை நரகத்துக்குப் போனாங்கன்னு போன வாரம் சொன்னீங்களே, கல்லால அடிச்சா என்ன ஹஜ்ரத்?" என்று கேட்டான். குறும்பாகக் கேட்கவில்லை, பாடத்தில் சந்தேகம் கேட்பது போலத்தான் கேட்டான். நாயை ஓட்டுவதற்காக எறிந்தேன் என்று அவனிடம் சொல்லி விட்டேன். அது உண்மையல்ல என்பது அவனுக்கும் தெரிந்திருக்கும்.

அன்றோடு கல்லெறிவதை நிறுத்தினேன். ஆனால் அதற்கு மேல் எதையும் செய்யவில்லை. என் தவறு அங்கேதான் இருந்தது.

பின் தெருவில், எங்கள் மதிலுக்கு அப்பால், கணவரை இழந்த ஒரு மூதாட்டி தனியே வசிக்கிறார். நாங்கள் மாமி என்றே அழைப்போம். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். சாம்பல் நிறப் பெட்டைப் பூனை ஒன்றுக்கு அவர் காலையில் பாலும், மாலையில் மீனும் வைப்பார். அந்தப் பூனை எங்கள் கொட்டிலின் பின்புறம், காய்ந்த தென்னோலைகளை நான் அடுக்கி வைத்திருந்த இடத்தில் குட்டி போட்டிருக்கிறது. எனக்குத் தெரியாது. ஏறக்குறைய ஒன்பது வாரம் சுமந்து, இருட்டும் வெதுவெதுப்பும் உள்ள இடமாகத் தேடி அது குட்டி போடும். அப்படி ஓர் இடத்தை நானே என் கையால் அடுக்கி வைத்திருக்கிறேன்.

குட்டிகள் கண் திறந்து நகரத் தொடங்கிய சமயம். மஃரிபு தொழுது விட்டு வந்தேன். நாய்கள் இரண்டும் ஓலைக் குவியலைப் பிறாண்டிக் கொண்டிருந்தன. ஓடுவதைத் துரத்துவது நாயின் இயல்பு; அதைக் குறை சொல்லிப் பயனில்லை. தாய்ப்பூனை ஓடவில்லை. முதுகை வளைத்து எதிர்த்து நின்றது. நான் வேலியைச் சுற்றி வருவதற்குள், ஒன்பது வயதான என் இளைய மகன் நடுவில் கையை நீட்டி ஒரு குட்டியைத் தூக்கி விட்டான். வெறி கொண்டு நின்ற தாய்ப்பூனை அவன் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கீறிக் கடித்தது. நாய்களைப் பிடித்துக் கட்டி விட்டுத் திரும்பிப் பார்த்தபோது இரண்டு குட்டிகள் செத்துக் கிடந்தன. மகன் கையில் இருந்த மூன்றாவது குட்டி மட்டும் கத்திக் கொண்டிருந்தது.

வாசகர்களே, இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வெறிநாய்க் கடி நோய் நாயால் மட்டுமே வருவதென்று நம் பெண்கள் பலர் எண்ணுகிறார்கள். பூனையாலும் வரும். மஞ்சளோ சுண்ணாம்போ வைத்துக் கட்டுவது பெருந்தவறு. குழாயைத் திறந்து விட்டு, ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவ வேண்டும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நோய் வெளிப்பட்டு விட்டால் அதன் பின்னர் மருத்துவத்தால் காப்பாற்றுவது ஏறத்தாழ இயலாத காரியம். அரசு மருத்துவமனையில் அன்றே ஒரு ஊசி போட்டார்கள். பிறகு 3, 7, 28 ஆம் நாட்களில் போட்டார்கள். காயம் ஆழமாக இருந்ததால் காயத்தைச் சுற்றியும் தனியே ஒரு மருந்தைச் செலுத்தினார்கள். பையன் அழவில்லை. "அந்த ரெண்டையும் எங்கே வாப்பா புதைச்சீங்க?" என்று மட்டும் கேட்டான்.

மறுநாள் மாமியின் வாசலில் போய் நின்றேன். என்ன சொல்வதென்று வழி நெடுக யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்து போயிற்று. அவர் கதவுக்குப் பின்னால் நின்றபடி, "ஆலிம்சா, உங்க நாய் உங்க கொல்லையிலதான் நின்னுச்சு. என் பூனைதான் அங்கே வந்துச்சு. நான் ஒண்ணும் சொல்லலை" என்றார். அவர் ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அதன் பின்னர்தான் உட்கார்ந்து யோசித்தேன். கல்லூரியில் வரலாறு படித்தவன் நான். நிகழ்ச்சியை விட்டு விட்டுக் காரணத்தைத் தேடு என்று அங்கே சொல்லிக் கொடுத்தார்கள். அதை முகலாயர்களோடு நிறுத்திக் கொண்டேன் போலும். பூனைகள் ஏன் வருகின்றன என்று மூன்று நாட்கள் கொல்லையில் நின்று பார்த்தேன். காரணம் அனைத்தும் எங்களுடையவையாகவே இருந்தன. மீன் கழுவிய தண்ணீரையும், செதிலையும் குடலையும் மதிலோரத்தில் கொட்டி வந்தவர்கள் நாங்கள். ஆட்டுத் தவிட்டையும் புண்ணாக்கையும் சாக்கில் வைத்தோம், எலி வந்தது, எலியைத் தேடிப் பூனை வந்தது. மலம் கழித்து மூடுவதற்குத் தோதான உதிரி மணல் தென்னைப் பாத்திகளில் இருந்தது. மதில் மேல் சாய்ந்த முருங்கைக் கிளை ஏணியாகப் பயன்பட்டது. ஓலைக் குவியல் பிரசவ அறையாயிற்று. இத்தனை வரவேற்பு வைத்து விட்டுக் கல்லெறிந்திருக்கிறேன்!

நண்பர்களின் ஆலோசனைகளுக்கும் பஞ்சமில்லை. பாச்சை உருண்டை போடு என்றார் ஒருவர். பினாயில் தெளி என்றார் மற்றொருவர். கால்நடை மருத்துவரிடம் கேட்டேன். இரண்டுமே பூனைக்கு நஞ்சு என்றும், காலில் ஒட்டியதை நக்கியே அது இறந்து போகலாம் என்றும் எச்சரித்தார். மிளகாய்த் தூளும் அவ்வாறே. கண்ணில் பட்டுத் துடிக்கும். ஒருவர், பெயரைச் சொல்ல மாட்டேன், தினமும் முன் வரிசையில் தொழுபவர், மீனில் எலி மருந்து கலந்து வைக்கச் சொன்னார். 1960 ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டம் இருக்கட்டும். மறுமை ஒன்று இருக்கிறதே என்று கேட்டேன். அவர் சிரித்துக் கொண்டே போய் விட்டார். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் வாசனை பூனைக்குப் பிடிக்காது என்பது உண்மைதான். வீடு வீடாகத் தோல் சேகரித்துக் கொண்டு வந்து பரப்பினேன். மறுநாள் காலையில் ஆடுகள் அத்தனையையும் தின்று தீர்த்திருந்தன.

பயன் தந்தவை எளிய காரியங்களே. மீன் கழிவைத் தென்னை மரத்தடியில் ஓர் அடிக்கும் மேல் ஆழமாகக் குழி தோண்டிப் புதைக்கிறோம், மரத்துக்கும் உரமாயிற்று. தவிடும் புண்ணாக்கும் மூடியுள்ள தகரப் பீப்பாய்க்குள் போயின. உதிரி மணல் மீது தேங்காய் மட்டைகளைக் கவிழ்த்துப் பரப்பினேன். அதற்குப் பிறகு எந்தப் பூனையும் அங்கே குந்துவதில்லை. முருங்கைக் கிளையை வெட்டினேன். கொட்டிலின் அடியிலிருந்த சந்தைக் கோழி வலை கொண்டு அடைத்தேன். அடைக்குமுன் உள்ளே குட்டி ஏதும் இல்லையென்று விளக்குப் பிடித்து இரண்டு முறை பார்த்துக் கொண்டேன். ஓலைக் குவியலை அடுப்புக்குக் கொடுத்து விட்டேன்.

நாய்களை இப்போது பகலெல்லாம் கட்டி வைத்து, இஷாவுக்குப் பின் அவிழ்த்து விடுகிறேன். ஃபஜ்ருக்குப் பள்ளிக்குப் புறப்படும்போது மீண்டும் கட்டுகிறேன். பொழுது சாயும் வேளையிலும் விடியும் வேளையிலும்தான் பூனை மிகுதியாக நடமாடும். அவ்விரு வேளைகளும் ஓரளவு தப்பின. இத்தனைக்குப் பிறகும் தவறி வரும் பூனை வெளியேறுவதற்கென்று கொட்டிலின் மூலையிலிருந்து மதில் வரை ஒரு பலகையைச் சாய்த்து வைத்திருக்கிறேன். வரும் வழியை அடைத்து விட்டு, போகும் வழியையும் அடைத்தால் அந்த மூலை கொலைக்களமாகி விடும்.

பூனைகளுக்கு வேறு இடமும் வேண்டுமல்லவா? என் மனைவி மாமியிடம் போய்ப் பேசினார். என்ன பேசினார் என்று எனக்குச் சொல்லவில்லை. எங்கள் வீட்டு மீன் தலைகளும் வாலும் வேகவைக்கப்பட்டு, அஸருக்குப் பின் மாமியின் முற்றத்துக்குப் போகின்றன. பழைய சாக்கு விரித்த மரப்பெட்டி ஒன்றையும் அங்கே வைத்திருக்கிறோம். பூனைகள் பெருகாமலிருக்கக் கருத்தடை செய்யலாம் என்றார் மருத்துவர். இதில் மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பலன் கருதியும் தீங்கைத் தவிர்க்கவும் கூடும் என்போரின் சொல்லே எனக்குச் சரியெனப் படுகிறது. கண் திறந்த பருவத்திலேயே நாய்களின் வாயில் விழுவதை விட அது மேலல்லவா? ஆனால் பூனை மாமியுடையது. அவர் இன்னும் முடிவு சொல்லவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

மூன்றாவது குட்டி இப்போது நன்றாக வளர்ந்து விட்டது. மகனுக்குக் கையில் தழும்பு இருக்கிறது. அவன் மாமி வீட்டுக்குப் போய் அதனோடு விளையாடி விட்டு வருகிறான். எங்கள் கொல்லைக்கு அதைத் தூக்கி வருவதில்லை. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

எல்லாம் தீர்ந்து விட்டது என்று எழுத முடியாது. காது கிழிந்த ஒரு கிழட்டுக் கடுவன் இப்பொழுதும் வருகிறது. வலையையும் மதிலையும் மீறி எவ்வழியாக வருகிறதென்று நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. கட்டியிருக்கும் நாய்கள் எட்டாத தூரம் எதுவென்று சரியாக அளந்து, அங்கே உட்கார்ந்து முகம் கழுவுகிறது. நாய்கள் இரண்டும் சங்கிலி இறுகக் குரைக்கின்றன. இஷாவுக்குப் பாங்கு சொன்னதும் எழுந்து, பலகையில் ஏறி, மெதுவாகப் போய் விடுகிறது. சங்கிலியை அவிழ்க்கும் முன் நான் டார்ச் விளக்கை எடுத்துக் கொண்டு கொல்லையை ஒரு சுற்றுச் சுற்றி வருகிறேன்.