யூனுஸ் என்றொரு பெண்

நம் வீடுகளில் நன்றி சொல்லும் வழக்கம் அபூர்வம். சோறு போட்ட தாயாரிடம் "மிக்க நன்றி" என்று சொல்லிப் பாருங்கள். உடம்புக்கு ஏதாவதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். முஸ்லிம் வீடுகளிலோ தும்மினால்கூட "அல்ஹம்துலில்லாஹ்" உண்டு. எல்லாப் புகழும் இறைவனுக்கே என்று பொருள்.

இதை வெறும் வாய்ப்பழக்கம் என்று தள்ளிவிட முடியாது. அரபு மொழியில் இறைமறுப்புக்கும் நன்றிகெட்டதனத்துக்கும் 'குஃப்ர்' என்று ஒரே சொல்தான். மூடி மறைப்பது என்பது அதன் வேர்ப்பொருள். மனிதருக்கு நன்றி செலுத்தாதவன் இறைவனுக்கும் செலுத்தாதவனே என்பது நபிகள் நாயகத்தின் போதனை. கொடுப்பவனுக்கோ வேறு சட்டம். பசித்தவனுக்கு உணவிடுபவர் அவனிடம் நன்றியைக்கூட நாடுவதில்லை என்கிறது குர்ஆன். பெற்றவன் சொல்லியே தீரவேண்டும்; கொடுத்தவன் எதிர்பார்க்கவே கூடாது! அதனால்தானோ என்னவோ, "ஜஸாக்கல்லாஹ்" என்கிறார்கள். அல்லாஹ் உமக்குக் கூலி தரட்டும் என்று, கடனை மேலிடத்துக்கு மாற்றிவிடும் சாமர்த்தியம் அது.

2015 டிசம்பர் முதல் தேதி பெய்த மழையை எங்கள் பக்கத்தார் மறக்கமாட்டார்கள். மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர்! முடிச்சூர்த் தெருக்களில் அடையாறு ஓடியது. சென்னையில் பல பள்ளிவாசல்கள் மதம் பாராமல் கதவைத் திறந்துவிட்டன. வண்டலூருக்குத் தெற்கே ஊரப்பாக்கத்தில், நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி வெள்ளத்தில் அகப்பட்டுக்கொண்டாள். யூனுஸ் என்ற இளைஞர் படகோடு போய் அவளைக் கரைசேர்த்தார். பிறகு அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அந்த இந்துத் தம்பதிகள் அதற்கு யூனுஸ் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

யூனுஸ், மீன் வயிற்றிலிருந்து மீண்ட நபியின் பெயர். ஆண்பிள்ளைப் பெயர்தான், இருந்தால் என்ன? பிறக்குமுன்பே வெள்ளத்தில் தப்பியவளுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எந்தப் பஞ்சாங்கத்தில் கிடைக்கும்?

தாம்பரத்தில் எனக்குச் சட்டை தைக்கும் பாயிடம் இந்தக் கதையைச் சொல்லி, "நன்றியை எதிர்பார்க்கக் கூடாது என்பீங்களே பாய்! உங்க யூனுஸ் இவ்வளவு பெரிய நன்றியை வாங்கிக்கிட்டது சரிதானா?" என்று வம்புக்கு இழுத்தேன்.

பாய் ஊசியில் நூலைக் கோத்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"அவரு எங்கே சார் வாங்கினாரு? புள்ளைக்கில்லே கொடுத்துட்டாங்க!" என்றவர், "பித்தான் வெள்ளையிலே வைக்கவா, சந்தன நிறத்திலேயா?" என்று கேட்டார்.