தணிகை தெரிந்த கண்ணாடி

ஆடிக் கிருத்திகையன்று திருத்தணி மலையின் 365 படிகளும் புஷ்பக் காவடிகளுக்குள் மறைந்துபோகும். நகரி, புத்தூர், சித்தூர் பக்கத்துத் தெலுங்கும் இந்தப் பக்கத்துத் தமிழும் ஒரே அரோகராவாகக் கலந்து மேலேறும். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தலைகள் வெயிலில் மின்னும். அந்த மலையை ஒரு சிறுவன் சென்னை ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளைத் தெருவில், மாடியறைக் கண்ணாடி ஒன்றில் பார்த்தான்.

பின்னாளில் வள்ளலார் என்று தமிழ்நாடு கொண்டாடிய இராமலிங்கம்தான் அந்தச் சிறுவன். 1823இல் மருதூரில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருக்கும்போதே தந்தையை இழந்தவர். புராணப் பிரசங்கம் செய்து குடும்பத்தைக் காப்பாற்றிய அண்ணன் சபாபதிப் பிள்ளைக்கு, தம்பி படிக்காமல் கோயில் கோயிலாகச் சுற்றுவது பொறுக்கவில்லை. வீட்டுக்குள் சேர்க்காதே என்றுவிட்டார். அண்ணி பாப்பாத்தி அம்மாள் கண்ணீர் விட்டுக் கெஞ்சித் திரும்ப அழைத்துவந்தபோது, பையன் தனியாக மாடியறை கேட்டான். அங்கே ஒரு கண்ணாடியை வைத்து, எதிரே விளக்கேற்றி உட்கார்ந்தான்.

கண்ணாடியில் கண்டதைப் ‘பிரார்த்தனை மாலை’யில் பாடியிருக்கிறார். ஆறு முகங்கள், பன்னிரண்டு தோள்கள், வேல், மயில், சேவற்கொடி, தணிகை மலை. பார்த்தவனின் முகம் மட்டும் அதில் இல்லை. அருள் என்று நம்புகிறவர்கள் நம்பட்டும். நம்பாதவர்களும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: தன் முகம் தெரிய வேண்டிய இடத்தில், தான் ஏங்கிய ஒன்றை அந்தப் பிள்ளை வைத்தான். ஒரு மனிதன் தன்னைத்தானே வரைந்துகொள்வதில் இதைவிடத் துணிவான தொடக்கத்தை நினைத்துப் பார்ப்பது கடினம்.

இளமையில் பாடிய தணிகைப் பதிகங்களின் தலைப்புகளைப் பார்த்தாலே அந்த மனம் பட்ட பாடு புரியும். நாள் எண்ணி வருந்தல், காணாப் பத்து, பொறுக்காப் பத்து, புன்மை நினைந்திரங்கல். முருகனைப் புகழ்வதற்கு இணையாகத் தன் நெஞ்சைப் பிடித்து உலுக்குகிறார். நீ ஏன் இப்படி அலைகிறாய் என்று அழுகிறார். அவர் மறைந்து ஆறு ஆண்டுகள் கழித்து, 1880இல்தான் இவை அவருடைய பாடல் தொகுப்பின் ஐந்தாம் திருமுறையாக அச்சாயின.

அவருக்குப் புகைப்படம் கிடையாது. படம் எடுக்க முயன்றபோதெல்லாம் உடை மட்டுமே விழுந்தது, உருவம் விழவில்லை என்பது அன்பர்கள் வழிவழியாகச் சொல்வது. நேரில் பழகிய தொழுவூர் வேலாயுத முதலியார் 1882இல் பிரம்மஞான சபைக்குக் கொடுத்த வாக்குமூலமே நமக்கிருக்கும் நல்ல சித்திரம். எலும்பும் தோலுமான உடம்பு, விறுவிறுப்பான நடை, நேரான மெல்லிய மூக்கு, தீ போன்ற பெரிய கண்கள், இரண்டே வெள்ளைத் துணிகள். முகத்தில் எப்போதும் ஒரு துயரம்.

அந்தத் துயரம் எங்கிருந்து வந்தது என்பதை அவரே ‘பிள்ளைப் பெருவிண்ணப்ப’த்தில் எழுதிவைத்தார். வீடுகளில் நாம் மாட்டியிருக்கும் படத்தில் தலையோடு முக்காடிட்டுக் கைகட்டி நிற்கிறாரே, அதை அடக்கம் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவரோ, கை வீசி நடக்கக் கூச்சப்பட்டுக் கைகட்டி நடந்ததாகவும், உடம்பு தெரியப் பயந்து வெள்ளைத் துணியால் போர்த்திக்கொண்டதாகவும் சொல்கிறார். காக்கை கூவினால் கலக்கம், ஆந்தை அலறினால் பயம், யாராவது ஓர் உயிரைக் கொல்லத் தொடங்கினால் நடுக்கம். ஞானி என்று ஊரே கும்பிட்ட ஒருவர் தன் பயங்களை இப்படி ஒன்றுவிடாமல் ஒப்புவித்தது, அந்த நூற்றாண்டுத் தமிழில் பெரிய செயல்.

தன் துயரத்தைத் தானே வரைந்துகொண்டவர்கள் வேறிடத்திலும் உண்டு. மெக்ஸிகோ ஓவியர் ஃபிரிடா காலோ 1946இல், அம்புகள் தைத்த மானின் உடலில் தன் முகத்தை வரைந்தார். வள்ளலார் முகத்தையும் விட்டுவிட்டார். 1872 தைப்பூசத்தில் வடலூரில் வழிபாடு தொடங்கிய சத்திய ஞான சபையை நான் அவருடைய தன்னுருவப் படம் என்றே சொல்வேன். எண்கோணக் கட்டடம், உள்ளே ஒரு விளக்கு, அதன் முன் ஆளுயரக் கண்ணாடி, அதற்கு முன் கருப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெள்ளை, கலப்பு என ஏழு திரைகள். உயிரின் ஒளியை மறைக்கும் ஏழு சக்திகள் அவை. இந்தச் சபையைத் தமக்குள்ளே கண்டதாக அவரே பாடியிருக்கும்போது, வேறு சான்று எதற்கு? ஏழுகிணற்றில் ஒரு பையனுக்குத் துணையிருந்த விளக்கும் கண்ணாடியும் வடலூரில் எல்லோருக்கும் பொதுவாயின. சாதி, மதம் கேட்காமல் யாரும் வந்து பார்க்கலாம். தைப்பூசத்தன்று ஏழு திரைகளும் விலகும்.

பிள்ளைப் பெருவிண்ணப்பத்தில் 133 பாடல்கள் இருக்கின்றன. வாடிய பயிரைப் பற்றிய ஒரு வரியை மட்டும் மேடைக்கு மேடை சொல்லிவிட்டு நின்றுவிடுகிறோம். ஒரு நாள் உட்கார்ந்து முழுவதையும் படியுங்கள்; வீட்டில் வாய்விட்டுச் சொல்ல முடியாத பயத்தோடு வளரும் பிள்ளை இருந்தால், அதன் கையிலும் கொடுங்கள்.