பழைய வள்ளம்

தீவில் வாழ்பவனுக்குக் கடல்தான் தெரு. ஆகவே தீவுப்பகுதியில் ஒரு வள்ளத்தின் நலம் அவ்வூரின் கல்வி, மருத்துவம், சந்தை அனைத்தின் நலமுமாகும். ஏட்டளவில் அறிந்திருந்த இவ்வுண்மையை, குறிகட்டுவானில் ஒரு பழைய மரவள்ளத்தை வாங்கிப் புதுப்பித்தபோது ஆசிரியர் நால்வராகிய நாங்கள் கையால் தொட்டு அறிந்தோம்.

குறிகட்டுவான் புங்குடுதீவின் மேற்குப் புறத்து இறங்குதுறை. யாழ்ப்பாணத்திலிருந்து வரும் பேருந்துப் பயணம் அங்கே முடிய, நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்குமான கடற்பயணம் தொடங்குகிறது. நாகபூசணி அம்மனைத் தரிசிக்கச் செல்லும் தமிழரும் நாகவிகாரையை வணங்கச் செல்லும் சிங்களவரும் ஒரே படகில் நெருங்கி அமர்ந்து நயினாதீவை அடைகின்றனர். நெடுந்தீவுக்கோ ஏறக்குறைய ஒரு மணி நேரம் செல்லும். சோளகம் வீசும் மாதங்களில் அப்பயணம் துணிவுக்கு ஒரு பரீட்சை.

எங்கள் மாணவர் கடலைக் கற்பதற்கென்று ஒரு வள்ளம் தேடினோம். கரையில் கவிழ்ந்து கிடந்த ஒன்று மலிவாக வந்தது. இத்தொழிலில் நாங்கள் அரிச்சுவடி படிப்பவர்கள். எனவே பணத்தைக் கொடுக்குமுன் முதிய ஓடாவியார் ஒருவரை அழைத்துச் சென்றோம். அவர் வர்ணத்தைப் பார்க்கவேயில்லை. சிறு கத்தியொன்றை எடுத்து, வள்ளத்தின் முதுகெலும்பாகிய ஏராவிலும், விலாவெலும்புகளாகிய வங்குகள் பலகையைச் சந்திக்கும் இடங்களிலும், ஆணித் தலைகளைச் சுற்றியும் குத்திப் பார்த்தார்.

"பெயின்ரை நம்பி வள்ளம் வாங்கக் கூடாது, மாஸ்ரர். மழைத்தண்ணி நிண்ட இடத்தைக் குத்திப் பாருங்கோ" என்றார்.

உப்புநீரில் மிதக்கும் மரத்தைக் கடற்புழு குடையும். கரையில் கிடக்கும் மரத்தையோ உள்ளே தேங்கும் மழைநீரே உளுக்கச் செய்கிறது. கத்தி எளிதாக இறங்கிய வங்குகள் ஐந்து. துருவேறிய ஆணிகளைச் சுற்றிக் கறுத்துப் பிடிப்பிழந்த பலகைகள் மூன்று. ஏரா உறுதியாக இருந்தது. அதனை நம்பியே வாங்கினோம்.

வேலையின் ஒழுங்கையும் அவரே வகுத்தார்: முதலில் எலும்பு, பின்பு தோல், கடைசியிற் பூச்சு. வங்குகளையும் பலகைகளையும் மாற்றிய பின்னரே கலப்பத்து வேலை தொடங்கிற்று. மூட்டுகளைச் சுரண்டித் துடைத்து, பஞ்சுத் திரியை உளியும் கொட்டாப்புளியும் கொண்டு உள்ளிறக்கி, குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய குழம்பால் அடைக்க வேண்டும். தளர அடித்தால் நீர் புகும். உலர்ந்த வள்ளத்தில் இறுக்கி அடித்தாலோ, நீரில் பலகை ஊதும்போது மூட்டே பிதுங்கிவிடும். இரண்டுக்கும் இடைப்பட்ட அந்த அளவு ஓடாவியாரின் மணிக்கட்டில் இருந்தது. எங்கள் பட்டங்களும் சான்றிதழ்களும் அவர் முன் மாணவப் பருவத்துக்குத் திரும்பின.

கண்ணாடியிழையைப் போர்த்திவிட்டால் வேலை சுருங்கும் என்று சிலர் கூறினர். நாங்கள் புதுமைக்குப் பகைவரல்லர். நோர்வே உதவியுடன் காரைநகரில் எழுந்த சீநோர் படகுத்துறை கட்டிய கண்ணாடியிழைப் படகுகள் மீனவர்க்குப் பேருதவி செய்தன. ஆனால் ஈரமான பழைய மரத்தின்மேல் போர்த்தினால் ஈரம் உள்ளே சிறைப்படும். வெளியே பளபளப்பு, உள்ளே அழுகல். சமுதாயத்தின் புண்களுக்கும் இத்தகைய போர்வை நெய்வோரை வாசகர் அறிவர்.

புதுப்பித்த வள்ளத்தை ஆழமற்ற நீரில் கட்டிவைத்தோம். முதல் நாள் நன்றாகக் கசிந்தது. மூன்றாம் நாள் பலகைகள் ஊதி மூட்டுகளை மூடின. கணக்குப் பார்த்தபோது, வாங்கிய விலையைப்போல் மும்மடங்கு செலவாகியிருந்தது. அதிற் பெரும்பகுதி மரத்துக்கும் ஆணிக்கும் போயிற்று; ஓடாவியார் கேட்ட கூலியே மிகச் சிறியது. அவருடைய மக்களில் எவரும் இத்தொழிலுக்கு வரவில்லை. அந்தக் கூலியை அறிந்த எவர் அவர்களைக் குறைகூற முடியும்?

இந்த உழைப்பின் பெருமையைப் பேசுவோர்க்குக் குறைவில்லை. வல்வெட்டித்துறையில் 1930இல் வேப்பமரத்தால் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பலை, வில்லியம் அல்பேட் றொபின்சன் என்ற அமெரிக்கர் விலைக்கு வாங்கித் தம் மனைவியின் பெயரைச் சூட்டினார். வல்வெட்டித்துறை மாலுமிகளே அதனைச் செலுத்தி, 1938 ஆகஸ்டில் மாசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறையிற் சேர்த்தனர். அதனை நினைத்து மார்தட்டும் நாம், அக்கப்பலுக்குக் கலப்பத்து அடித்தவர்களின் பெயர்களை எங்கே குறித்து வைத்தோம்?

பெருமையைவிடப் பெரிய விடயம் உயிர். மிதவைகளின்மேல் பலகையிட்டு மக்களை ஏற்றும் கலத்துக்கு எங்கள் நாட்டுத் தமிழில் 'பாதை' என்று பெயர். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே ஓடிய மிதவையையும் மக்கள் அப்படியே அழைத்தனர். வேறு பாதை இல்லாதவர்கள் இட்ட பெயர் அது. கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், 2021 நவம்பர் 23 அன்று அத்தகைய பாதையொன்று கவிழ்ந்தது. பாடசாலைப் பிள்ளைகளும் உட்படப் பலர் மாண்டனர். காலையில் படிக்கப் புறப்பட்ட பிள்ளைகள் அவர்கள்.

குறிகட்டுவானுக்கும் ஆறாத துயரமொன்று உண்டு. 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து இத்துறையை நோக்கி வந்த குமுதினிப் படகில், பெண்களும் குழந்தைகளும் உட்படக் குறைந்தது 23 பயணிகள் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டனர். குருதி தோய்ந்த அப்படகு பின்னர் திருத்தப்பட்டு மீண்டும் அதே மக்களைச் சுமந்தது. வேறு தெரு அவர்களுக்கு இல்லை.

எனவேதான் சொல்கிறோம்: பயணிகள் படகைக் காலந்தவறாமற் கரையேற்றி, குத்திப் பார்த்துத் திருத்துவது எவரும் இடும் பிச்சையன்று, தீவு மக்களின் உரிமை. ஓடாவியின் கையறிவைத் தொழில்நுட்பக் கல்லூரிகளில் பாடமாக்க வேண்டும். கற்பிப்பவருக்கு ஆசிரியருக்குரிய ஊதியமும் மதிப்பும் தர வேண்டும். நாற்காலியில் அமர்ந்து இதனைப் படிக்கும் ஆசிரிய நண்பர்களும் மாணவத் தோழர்களும் ஒருமுறை குறிகட்டுவானுக்கு வாருங்கள். கொட்டாப்புளி ஒன்று மிகுதியாகவே இருக்கிறது.