ஒடிந்த பின்

மலேசியாவின் சுங்கை பூலோ தொழிற்பேட்டையில் ஓர் இரும்புப் பட்டறை. கிரேன் தூக்கிய உத்தரம், அதைத் தாங்கிய ஷாக்கிள் என்ற இணைப்பு வளையத்தின் பின் ஒடிந்ததால் கீழே விழுந்து ஒரு தொழிலாளியின் வலது காலை நசுக்கியது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மனைவியோடு பிரிக்பீல்ட்ஸில் உள்ள என் வழக்கறிஞர் அலுவலகத்துக்கு வந்தவர் முதலில் கேட்டது: "முதலாளி மேல கேஸ் போடலாமா ஐயா?"

முடியாது. 1969ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் 31ஆம் பிரிவு அந்த வழியை அடைத்துவிடுகிறது. வேலையிட விபத்துக்கு முதலாளியின் இழப்பீட்டுக்குப் பதிலாகத் தொழிலாளிக்குக் கிடைப்பது சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் உதவித்தொகைதான். ஊனமானவரிடம் இதைச் சொல்வது எனக்கு இன்றும் கடினமாக இருக்கிறது. மிஞ்சியது, அந்தப் பின்னை இறக்குமதி செய்து விற்ற நிறுவனம். அவர்கள் மேல் வழக்குப் போட்டோம். அளவுக்கு மீறிச் சுமை ஏற்றியதால்தான் ஒடிந்தது என்று அவர்கள் எதிர்வாதம் தாக்கல் செய்தார்கள்.

நல்ல எஃகு, சுமை மிகுந்தால் முதலில் வளையும், நீளும். இந்தப் பின்னோ வளைவே இல்லாமல் படக்கென்று ஒடிந்திருந்தது. கடினமாக்கிய எஃகைச் சரியாகப் பதப்படுத்தாமல் விட்டால் இப்படி ஆகும். இதை நிரூபிக்க விரிசல் தாங்கும் திறனை அளக்க வேண்டும். ஆனால் சோதனை என்றால் வெட்டுவது. வெட்டிய சாட்சியம் திரும்பாது. ஆகவே 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின் 29ஆம் ஆணையின் கீழ், பொருளைப் பாதுகாக்கவும் மாதிரி எடுக்கவும் அனுமதி கேட்டு மனுச் செய்தேன். ஒடிந்த முகப்பைத் தொடக்கூடாது. நீளமான துண்டிலிருந்து மட்டும் 10 மில்லிமீட்டர் சதுரத்தில் சிறு கம்பிகள் வெட்டலாம். எதிர்த்தரப்புக்கும் அதே எண்ணிக்கை. ஷா ஆலம் செஷன்ஸ் நீதிமன்றம் அனுமதித்தது.

கம்பியில் ஒரு பள்ளம் வெட்டி, மெல்லத் திரும்பத் திரும்ப அழுத்தி நுண்ணிய விரிசல் உண்டாக்கி, பிறகு ஒடிப்பார்கள். எங்கள் முடிவு 40 மெகாபாஸ்கல் ரூட் மீட்டரை ஒட்டி வந்தது. நான் எதிர்பார்த்ததைவிட மோசமான எஃகு.

எதிர்த்தரப்பு நிபுணர் கூண்டில் ஏறினார். "நீதிபதி அவர்களே, இந்தச் சோதனைக்கான ஏஎஸ்டிஎம் இ399 தரம் குறைந்தபட்ச அளவு கேட்கிறது. இந்தத் துண்டுகள் மிகச் சிறியவை."

உண்மையில் அந்த விதி எங்கள் பக்கம்தான் பேசியது. விரிசல் தாங்கும் திறனை, எஃகு நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் வலிமையால் வகுத்து, வர்க்கமாக்கி, 2.5 ஆல் பெருக்கினால் வேண்டிய அளவு கிடைக்கும். வலிமை 1000 மெகாபாஸ்கல், திறன் 120 என்றால் 36 மில்லிமீட்டர் வேண்டும். 28 மில்லிமீட்டர் விட்டமுள்ள பின்னில் அதை வெட்டவே முடியாது. திறன் 40 என்றால் 4 மில்லிமீட்டர் போதும். அதாவது எஃகு நன்றாக இருந்தால்தான் எங்கள் கம்பி போதாது. விரிசலுக்கு 5, அதற்குமேல் எஞ்சிய உலோகத்துக்கு 5 என்று எங்கள் கம்பியில் தேவைக்கு மேலேயே இடமிருந்தது.

குறுக்கு விசாரணையில் இன்னொன்றையும் கேட்டேன். "துண்டு தேவைக்குச் சிறியதாக இருந்தால், திறன் கூடித் தெரியுமா, குறைந்து தெரியுமா?" அவர் நேர்மையானவர், தயங்கினாலும் சரியாகவே பதில் சொன்னார். "பொதுவாகக் கூடித் தெரியும்." சுற்றியுள்ள உலோகம் விரிசல் முனையை இறுக்கிப் பிடிக்காததால் அது விரிந்து கொடுக்கும், எஃகு உறுதியானதாகத் தோன்றும். அணு உலைக் கலங்களின் எஃகை ஆராய்பவர்களுக்கும் இதே கவலைதான். கண்காணிப்புக்கென்று உலைக்குள் வைத்த சோதனைத் துண்டுகளின் ஒடிந்த பாதிகளிலிருந்து 4 மில்லிமீட்டர் தடிமனில் மறுபடி வெட்டி அளக்கிறார்கள். பின்லாந்தின் கிம் வாலின் வகுத்த முறையில் துண்டின் அளவுக்கேற்பக் கணக்கைத் திருத்துகிறார்கள்.

அடுத்த தவணைக்கு முன்பே எதிர்த்தரப்பினர் சமரசத்துக்கு வந்தார்கள். தொகையில் என் கட்சிக்காரர் அதிகம் பேரம் பேசவில்லை. அதே சரக்கில் வந்து இன்னும் பட்டறைகளில் தொங்கும் பின்களை நிறுவனம் திரும்பப் பெற வேண்டும் என்ற நிபந்தனையில் மட்டும் பிடிவாதமாக நின்றார். அது எழுதப்பட்ட பிறகுதான் கையெழுத்திட்டார்.